மூடிப் பார்த்து வாங்குங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இரண்டு வருடமாக டோக்கியோவில், நிஷி கசாயில் இருக்கிறோம். போன வருடம் கியோட்டோ போனபோது ஒரு மூங்கில் மடிப்பு விசிறி வாங்கினேன். ஒரு சாண்கூட இருக்காது, ஆனால் அதில் வரைந்திருந்த பூவை விட்டு வர மனமில்லை. ஜூலை முழுக்க ரயிலில் அதைத்தான் வீசிக்கொண்டிருந்தேன். ஒரே மாதத்தில் குச்சிகள் தாளை விட்டுக் கழன்றுவிட்டன. இந்த ஆகஸ்டில் மறுபடியும் போகிறோம். எனக்கு ஒன்று, மதுரையில் இருக்கும் அப்பாவுக்கு ஒன்று வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லுங்களேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் வாங்கியது அனேகமாக வீசுவதற்கான விசிறியே அல்ல. ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் விசிறி உண்டு, ஆனால் அதைத் திறந்து வீச மாட்டார்கள். வணங்கும்போது மூடியபடியே முழங்காலுக்கு முன்னால் தரையில் வைப்பார்கள். எனக்கும் எதிரில் இருப்பவருக்கும் நடுவே மரியாதைக்கான ஒரு கோடு மாதிரி. பெண்களுக்கானது சுமார் 15 செ.மீ., ஆண்களுக்கானது 18. நீங்கள் சொல்லும் அளவு அதோடு பொருந்துகிறது. மாதம் முழுக்க ரயிலில் வீசினால் அது என்ன செய்யும், பாவம்.

வெயில் காலத்துக்கு வேண்டியது ‘நாட்சு-சென்’, அதாவது கோடை விசிறி. கடைக்காரர்கள் நீளத்தை ‘சுன்’ என்ற பழைய அளவில் சொல்வார்கள். ஒரு சுன் சுமார் 3 செ.மீ. உங்களுக்கு ஆறரை சுன், அப்பாவுக்கு ஏழரை சுன் என்று கேளுங்கள். நடன விசிறி இதைவிடப் பெரியது. சுழற்றவும் வீசிப் பிடிக்கவும் வசதியாக அதன் ஓரப் பட்டையில் ஈயம் வைத்திருப்பார்கள், கை வலிக்கும்.

அடுத்தது முக்கியம். கடையில் எல்லோரும் விசிறியைத் திறந்து படத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் மூடிப் பாருங்கள்.

நல்ல விசிறியை மூடினால் கடைசியில் ‘டப்’ என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். இரண்டு ஓரத்திலும் இருக்கும் தடித்த பட்டைகளின் நுனி, நடுவில் இருக்கும் தாளை இறுகப் பிடித்துக்கொள்ளும். செய்யும்போது கடைசிக் கட்டத்தில் அந்தப் பட்டைகளைச் சூடு காட்டி உள்பக்கமாக வளைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவுதான், ஆனால் விசிறி பிரியாமல் இருப்பது அதனால்தான். மூடிய பிறகு நுனி வாயைப் பிளந்துகொண்டு நின்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

அப்புறம் பக்கவாட்டில் திருப்பி மடிப்புகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே உயரத்தில், சீட்டுக்கட்டு அடுக்கியது போல இருக்க வேண்டும். அடியில் எல்லாக் குச்சிகளையும் கோத்திருக்கும் அச்சாணியைத் தொட்டுப் பாருங்கள். ஆடவும் கூடாது, விரல் நோகும் அளவு இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. அதற்கு ஜப்பானிய மொழியில் ‘கனமே’ என்று பெயர். ஒரு காரியத்தின் உயிர்நாடியையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். நாம் ‘இந்த வேலைக்கு அவர்தான் அச்சாணி’ என்பதில்லையா, அப்படியே.

தாளா, பட்டுத் துணியா என்ற கேள்வி வரும். தாள் விசிறியில்தான் எனக்கு மனசு. காற்றும் அதில்தான் நன்றாக வரும். அந்தத் தாள் ஒன்றல்ல, பல அடுக்கு. நடு அடுக்கைப் பிரித்து, அந்த இடைவெளியில் ஒவ்வொரு குச்சியாகச் செருகுகிறார்கள். செருகுவதற்கு முன்னால் அந்த நுண்ணிய துளைகளில் வாயால் ஊதித் திறக்கிறார்கள். முதலில் இதைக் கேள்விப்பட்டபோது கையில் இருந்த விசிறியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளுக்குள் குச்சியின் நிழல் தெரிந்தது, நுனி போகப் போக ஊசி மாதிரி மெலிந்து. பட்டு விசிறியில் இந்த வேலை இல்லை, ஒற்றைத் துணியின் பின்னால் குச்சியை ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் சட்டென்று கிழியாது. கை அதிகம் வியர்க்கும் என்றால் பட்டே வாங்குங்கள்.

கியோட்டோ விசிறி ஒன்று எண்பத்தேழு முறை கைமாறுகிறது என்பார்கள். குச்சி பெரும்பாலும் பக்கத்து ஷிகா மாகாணத்தின் தகாஷிமாவில் தயாராகிறது. தாள், ஓவியம், மடிப்பு, குச்சி கோப்பது எல்லாம் கியோட்டோவில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள். 1977இல் அரசு இதை மரபுக் கைவினையாக அறிவித்தது. ‘கியோ-சென்சு’, அதாவது கியோட்டோ மடிப்பு விசிறி, என்ற பெயர் அந்த ஊர் விசிறிக் கூட்டுறவுச் சங்கத்தின் பதிவு பெற்ற வணிகக் குறி. அந்தப் பெயர் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் தெருக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. கியோட்டோவில் 1718இல் தொடங்கிய ஹகுசிக்குதோவும் 1823இல் தொடங்கிய மியாவாகி பைசென்-ஆனும் இன்றும் நடக்கும் விசிறிக் கடைகள். வாங்காவிட்டாலும் உள்ளே போய் நாலு விசிறியை மூடிப் பாருங்கள், கைக்கே வித்தியாசம் தெரிந்துவிடும். குச்சி நெருக்கமாக நிறைய இருந்தால் கியோட்டோ பாணி. பதினைந்து, பதினெட்டு குச்சியும் அகன்ற மடிப்புமாக இருந்தால் பழைய எடோ, அதாவது இன்றைய டோக்கியோ பாணி. அப்பாவுக்கு அதுவும் பொருந்தும்.

இனி வைத்துக்கொள்வது. மணிக்கட்டை உதறி ஒரே வீச்சில் திறக்காதீர்கள். அச்சாணி தளர்வதும் ஓரத் தாள் கிழிவதும் அதனால்தான். வலது கையில் அடிப்பகுதியைப் பிடித்து, கட்டைவிரலால் மேல்பட்டையை லேசாகத் தள்ளி, மடிப்பு மடிப்பாகத் திறங்கள். மூடும்போதும் அப்படியே. புதிதாக வாங்கும்போது நுனியில் ஒரு காகித வளையம் போட்டிருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். வீசி முடித்ததும் அதை மறுபடி மாட்டி வைத்தால் மடிப்பு குலையாது.

தண்ணீர் படவே கூடாது. ஈரத்தில் பசை இளகும், பூஞ்சை பிடிக்கும். வியர்வை பட்டால் உலர்ந்த மென்துணியால் ஒற்றி, நிழலில் சற்று நேரம் விரித்து ஆறவிட்டு, பிறகு மூடுங்கள். வாசனைத் திரவியத்தை நேராக அடித்தால் கறை விழும்.

மதுரையில் எனக்குப் பயம் ஈரத்தைப் பற்றியல்ல, சூட்டைப் பற்றி. ஒரு மே மாதம் என் விசிறியை மூடிய காருக்குள் மறந்துவிட்டேன். சாயங்காலம் எடுத்தபோது தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பட்டைகள் வெளிப்பக்கமாக விரிந்து, மூடினால் மூடாமல் நின்றது. சூடு காட்டி வளைத்த மூங்கிலைச் சூடே நிமிர்த்திவிட்டது. எனக்கு அது பெரிய வருத்தம், இன்றைக்கும் மேஜை டிராயரில்தான் வைத்திருக்கிறேன்.

அதனால் அப்பாவிடம் காரில் வேண்டாம், ஜன்னல் மேடையில் வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். துணி உறையோடு சட்டை அலமாரியில் வைத்தால் போதும். முதல் சில நாள் மடிப்பு ஒட்டிக்கொண்டு இறுக்கமாக இருக்கும். வலுவாக இழுக்காமல் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா