வாசலில் வந்து நிற்பவரிடம் பாட்டுக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் 40 பேர் உட்காரும் மெஸ் நடத்துகிறேன். மாடியில் சின்ன ஏசி ஹால் இருக்கிறது. நிச்சயதார்த்தம், வளைகாப்பு, பிறந்தநாள் எல்லாம் நடக்கும். கீழே செல்போனை ஸ்பீக்கரோடு சேர்த்துப் பாட்டுப் போடுவோம். அந்த ஆப்புக்கு மாதச் சந்தா கட்டுகிறேன். போன வாரம் ஒருவர் ஒரு லைசென்ஸ் அமைப்பின் பெயர் போட்ட தாளோடு வந்தார். கீழே, மாடி, கல்யாண நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 24,000 ரூபாய், கட்டாவிட்டால் போலீஸோடு வருவேன் என்றார். கடைசியில் 15,000-க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். 3,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? சந்தா கட்டுகிற பாட்டுக்கு இன்னொரு கட்டணம் எதற்கு?

பதில்: மீதி 12,000-ஐக் கொடுக்காதீர்கள் ஐயா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கட்டணமே கிடையாது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரைக் கூட்டி வைத்துவிடாதீர்கள். கட்டணம் உண்டு. யாருக்கு, எந்தத் தாளின் பேரில், எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதில்தான் நீங்கள் ஏமாறுகிறீர்கள்.

சந்தா விஷயம் எளிது. ஸ்பாட்டிஃபை ஆனாலும் யூடியூப் ஆனாலும், நீங்கள் 'சம்மதம்' என்று தட்டிய நிபந்தனையில் தனிப்பட்ட, வியாபாரம் அல்லாத உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கிறது. நீங்கள் மாதாமாதம் கட்டுவது உங்கள் காதுக்கான காசு. சாப்பிட வருகிற 40 பேர் கேட்பது சட்டத்தின் கண்ணில் பொதுமக்களுக்குக் கேட்கச் செய்வது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். எஃப்.எம் வைத்தாலும் இதே கதைதான். வானொலி நிலையம் கட்டும் பணம் அவர்கள் ஒலிபரப்புக்கு. 'என் கடை சின்னது' என்ற வாதமும் நிற்காது. சின்னக் கடைக்கு விலக்கு என்று 1957-ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஒரு சினிமாப் பாட்டை மூன்று பொருளாகப் பாருங்கள்: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. பாரதியின் பாட்டைப் போடுகிறீர்கள் என்றால் வரிகளுக்கு யாருக்கும் காசு தர வேண்டாம். அதற்கு ஒருவர் போட்ட மெட்டுக்கும், ஒரு கம்பெனி எடுத்த ஒலிப்பதிவுக்கும் உரிமை இருக்கலாம். வரிகளுக்கும் மெட்டுக்கும் பெரும்பாலும் வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ் என்ற அமைப்பு. 1969-இல் தொடங்கியது, அரசிடம் பதிவு பெற்ற காப்பிரைட் சங்கம். ஒலிப்பதிவுக்கு பி.பி.எல், நோவெக்ஸ், ஆர்.எம்.பி.எல் என்று பலர். இவர்களில் ஆர்.எம்.பி.எல் மட்டும் 2021-இல் பதிவு பெற்றது. பி.பி.எல் முன்பு பதிவு பெற்ற சங்கமாக இருந்தது, இப்போது இல்லை. கம்பெனிகள் தங்களிடம் எழுதிக் கொடுத்த உரிமையின் பேரில் லைசென்ஸ் தருகிறோம் என்கிறது.

பதிவு இல்லாதவர் லைசென்ஸ் விற்கலாமா? இந்த ஒரு கேள்விக்கு நம் நீதிமன்றங்கள் சொன்ன பதில்களைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். பதிவு பெற்ற சங்கத்தின் வழியாகத்தான் லைசென்ஸ் வியாபாரம் நடத்தலாம் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி நோவெக்ஸ் வழக்கில் சொன்னார். உரிமையை வாங்கியவர் தாராளமாகத் தரலாம் என்று 2024 ஜனவரியில் பம்பாய் சொன்னது. 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு பி.பி.எல்லுக்குப் பதிவு வேண்டும் என்றது. ஒரே வாரத்தில் அந்தத் தீர்ப்பில் இருந்த உத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மனிதர் இந்தத் தீர்ப்புகளை எல்லாம் படித்து முடிவெடுக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? பிரிட்டனில் வரிகளுக்கும் மெட்டுக்கும் வசூலிக்கும் அமைப்பும் ஒலிப்பதிவுக்கு வசூலிக்கும் அமைப்பும் சேர்ந்து 2018 முதல் ஒரே லைசென்ஸ், ஒரே பில் கொடுக்கின்றன. இங்கே 2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், விதிகள் போட்டார்கள், கடைக்காரருக்கு ஒரே ஜன்னல் மட்டும் திறக்கவே இல்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் வாசலுக்கு வந்தவரைப் போன்றவர்கள் பிழைக்கிறார்கள்.

அவரைப் பற்றிப் பேசுவோம். இருபது வருஷமாக இந்த வழக்குகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வருகிற சின்னக் கடைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் ஏமாந்தது இடையில் நின்ற ஆளிடம்தான். ஒரு சலூன்காரர் என்னிடம் கொண்டுவந்த ரசீது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்டேஷனரிக் கடையில் விற்கிற ரசீதுப் புத்தகத்தின் தாள். மேலே ஊதா ரப்பர் ஸ்டாம்ப், அதில் 'மியூசிக்' என்ற வார்த்தையில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. 9,000 ரூபாய் ரொக்கம். நாலு மாதம் கழித்து உண்மையான வக்கீல் நோட்டீஸ் வந்தபோது அந்த ரசீதை எந்த அமைப்பும் தன்னுடையது என்று சொல்லவில்லை. அவர் மறுபடியும் கட்டினார்.

பேரத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். பதிவு பெற்ற சங்கம் தன் கட்டண விவரத்தை வெளியிட்டே ஆக வேண்டும், அது சட்டம். இருக்கை எண்ணிக்கை, சதுர அடி, எந்த வகைக் கடை என்று பார்த்து அந்தப் பட்டியலிலிருந்து தொகை வரும். உங்கள் 40 இருக்கைக்கு எவ்வளவு என்று அவர்கள் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். 24,000 என்று ஆரம்பித்து, உங்கள் முகம் வாடியதும் 15,000-க்கு இறங்குகிற கட்டணம் எந்தப் பட்டியலிலும் கிடையாது.

அடுத்து ஜி.எஸ்.டி. லைசென்ஸ் கட்டணத்துக்கு 18 சதவீதம் வரி உண்டு. ஆகவே முறையான இன்வாய்ஸில் 15 எழுத்து ஜி.எஸ்.டி எண் இருந்தே தீரும். அதை ஜி.எஸ்.டி தளத்தில் போட்டால் யாருடைய பெயரில் பதிவு என்று வந்துவிடும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 33 தமிழ்நாடு, 27 மகாராஷ்டிரா. அமைப்பின் பெயர் ஒன்று, எண்ணுக்கு வருகிற பெயர் வேறொன்று என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பணத்தையும் அமைப்பின் இணையதளம் வழியாக, இல்லாவிட்டால் அதன் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். எவருடைய செல்போன் எண்ணுக்கும் வேண்டாம்.

இன்னொரு பொறி இருக்கிறது, இதில் நல்ல விவரமானவர்களே விழுகிறார்கள். 'சும்மா சர்வே சார், ஒரு கையெழுத்து' என்று ஒரு படிவம் நீட்டுவார்கள். எத்தனை வருஷமாகப் பாட்டுப் போடுகிறீர்கள், எத்தனை ஸ்பீக்கர், எத்தனை சதுர அடி என்று கேள்விகள். கையெழுத்துப் போட்டால், இத்தனை வருஷமாக லைசென்ஸ் இல்லாமல் போட்டேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். பழைய வருஷங்களுக்கும் சேர்த்துக் கேட்பதற்கு அந்த ஒரு தாள் போதும். கையெழுத்துப் போடாதீர்கள். 'கடிதமாக அனுப்புங்கள், பதில் போடுகிறேன்' என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

போலீஸ் மிரட்டலுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. காப்பிரைட் மீறலுக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, நீதிமன்றம் மனது வைத்தால்தான் கிடைக்கிற குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மெஸ் நடத்துகிறவருக்கு இவ்வளவு கடுமை தேவையா என்பது என் மனக்குறை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வந்த ஆளுக்கு உங்கள் ஸ்பீக்கர் மேல் கை வைக்க ஒரு அதிகாரமும் இல்லை. உரிமையே இல்லாதவர் வெறுமனே மிரட்டினால், அதற்கு எதிராக நீங்களே சிவில் நீதிமன்றம் போகவும் அதே சட்டத்தின் 60-ஆவது பிரிவு இடம் தருகிறது.

உங்கள் மாடி ஹாலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கல்யாண நிகழ்ச்சிக்கும் காசு கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில்தான் எனக்கு அதிகக் கோபம். சட்டத்தின் 52-ஆவது பிரிவு எவையெல்லாம் மீறல் ஆகாது என்று சொல்கிறது. சமயச் சடங்கின்போது பாட்டு இசைப்பதும் ஒலிப்பதிவைப் போடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதற்குக் கீழே ஒரு விளக்கமும் இருக்கிறது: சமயச் சடங்கு என்றால் கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தோடு சேர்ந்த மற்ற சமூகக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். ஆக, தாலி கட்டும் நேரத்து நாதஸ்வரத்துக்கு மட்டும்தான் விலக்கு, ரிசப்ஷனுக்குக் கிடையாது என்று சொல்கிறவர்கள் அந்த விளக்கத்தைப் படிக்காதவர்கள், அல்லது நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறவர்கள். மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலை 24-ஆம் தேதி பொது அறிவிப்பே விட்டது: கல்யாண நிகழ்ச்சிகளில் போடும் பாட்டுக்கு ராயல்டி கேட்டு வற்புறுத்தக் கூடாது, அப்படிக் கேட்டால் மக்கள் பணிய வேண்டாம் என்று.

அறிவிப்பு வந்துவிட்டது, இனி தொல்லை இல்லை என்று நானும் நினைத்தேன். கோவா அரசு 2024 ஜனவரியில் இதே பொருளில் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. சுற்றறிக்கைதான் போனது, சட்டத்தில் உள்ள விலக்கு அப்படியே இருக்கிறது. ஏஜெண்டுகளோ விலக்கே போய்விட்டது என்று சொல்லித் திரிகிறார்கள். அதனால் அறிவிப்பின் நகலைக் காட்டி வாதாடுவதைவிட, உங்கள் கையில் ஆதாரம் வைத்துக்கொள்வது நல்லது. ஹாலைப் பதிவு செய்யும்போது நோட்டில் 'விசேஷம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் 'திருமண நிச்சயதார்த்தம்', 'திருமண வரவேற்பு' என்று எழுதுங்கள். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை வாங்கி அந்தத் தேதிக்கான ஃபைலில் செருகி வையுங்கள். டிஜே வருகிறார் என்றால் அவரை அமர்த்தியது கல்யாண வீட்டாரா, நீங்களா என்பதையும் குறித்து வையுங்கள். விலக்கு கல்யாணத்துக்குத்தான், உங்கள் ஹால் வியாபாரத்துக்கு அல்ல என்று வாதம் வரும்போது அந்தக் குறிப்பு உதவும்.

பிறந்தநாளுக்கு இந்த விலக்கு பொருந்தாது. வளைகாப்புக்கு வாதாடிப் பார்க்கலாம், ஆனால் வாதாடுவதற்கு வக்கீல் வேண்டும். அந்தச் செலவுக்கு லைசென்ஸே மலிவு.

சரி, இந்த வாரம் என்ன செய்வது? கீழே ஸ்பீக்கரைச் சில நாள் நிறுத்தி வையுங்கள். சட்டப்படி பேசப் போகிறவர் கையில் குறை இருக்கக் கூடாது. பிறகு அந்த அமைப்புக்கு, அதன் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு, மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். வந்தவர் கொடுத்த முகவரி வேண்டாம். இந்த ஆள் உங்களுடைய அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியா, எந்தெந்தக் கம்பெனிகளின் பாட்டு உங்களிடம் இருக்கிறது, காப்பிரைட் சங்கமாகப் பதிவு உண்டா, இல்லையென்றால் உரிமை எழுதிக் கொடுக்கப்பட்ட பத்திரம் எங்கே, 40 இருக்கைக்குக் கட்டணப் பட்டியல்படி எவ்வளவு என்று கேளுங்கள். லைசென்ஸ் எழுத்தில்தான் இருக்க வேண்டும், உரிமையாளரோ அவர் முறையாக நியமித்த ஏஜெண்டோதான் தர முடியும் என்பது 30-ஆவது பிரிவு. தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாமல் கெடு முடிவதற்குள் பதில் கொடுங்கள். நீதிமன்ற சம்மன் வந்தால் கட்டாயம் ஆஜராக வேண்டும். போகாதவர் மேல் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்துவிடும். டிசம்பர் கடைசியில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி, இந்த வழக்குகள் குவியும். அதற்கு முன்பே உங்கள் தாள்களைச் சரி செய்துகொள்ளுங்கள்.

பதில் முறையாக வந்தால் கட்டுங்கள். மனசு கசந்து கட்ட வேண்டாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாக் கொட்டகைக்கு வெளியே பாட்டு ஒலிக்கும் இடங்களில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. அவர்களே நினைத்தாலும் அதை விட்டுக்கொடுக்க முடியாது. பாடலாசிரியர் ஒருவரின் மனைவி, அவர் போன பிறகு வந்த ராயல்டியில் டயாலிசிஸ் செலவைச் சமாளித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் ஏஜெண்டின் பையில் விழுகிற 15,000-இல் ஒரு ரூபாய்கூட அப்படி ஒரு வீட்டுக்குப் போகாது.

அந்த 3,000. ஜிபே ரசீதின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வையுங்கள். அதில் பணம் போன பெயர் தெரியும். அமைப்புக்கு எழுதும் கடிதத்திலேயே தேதி, தொகை, பெயர், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் போட்டு, இது உங்கள் கணக்கில் வந்ததா என்று கேளுங்கள். வந்தது என்றால் லைசென்ஸ் தொகையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரவில்லை என்று எழுத்தில் பதில் வந்தால், அந்தப் பதிலையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள். போலீஸோடு வருவேன் என்றவர் வருவதற்குள் நீங்கள் போய்விடுவது நல்லது.