பெறாதவளுக்கும் பால் வரும்: சங்கக் கூட்டத்தில் வந்த கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் முப்பது வருடத்துக்குக் கிட்டக் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே எல்லாருக்கும் நான் 'மிஸி'தான். போன மாதம் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி எழும்பி நின்று ஒரு கேள்வி கேட்டா. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு துண்டுக் கடதாசிகளில் கேள்விகள் வரத் தொடங்கின. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தன. பெயர்களை விட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

அக்கா செத்துப்போனா. பிள்ளைக்கு 18 நாள், நான்தான் வளர்க்கிறேன். எனக்கு 31 வயது, பிள்ளை தங்கவே இல்லை. எனக்குப் பால் வர வைக்கலாமா மிஸி? (கூட்டத்தில் கேட்ட தங்கச்சி)

வர வைக்கலாம், பிள்ளை. பால் கர்ப்பப்பையில் ஊறுவதில்லை. மூளைக்கு அடியில் பட்டாணிக் கடலை அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. பிள்ளை முலையை உறிஞ்சும்போது அது புரோலாக்டின் என்ற ஹோர்மோனை விடும், அது பாலைச் சுரக்கச் செய்யும். ஒக்சிற்றோசின் என்ற இன்னொன்று சுரந்த பாலை வெளியே தள்ளும். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் சுமந்த மாதங்களிலேயே மார்பு இதற்குத் தயாராகிவிடும். உங்களுக்கு அந்தத் தயாரிப்பு இல்லை. அதனால் நாள் எடுக்கும், அளவும் குறைவாக இருக்கலாம். பெறாமல் பால் கொடுத்தவர்களில் சிலருக்கு முழுத் தேவைக்கும் வரும், கனபேருக்குப் பாதியோ காற்பங்கோதான் வரும்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பால் வரட்டும் என்று பிள்ளையைப் பட்டினி போடக்கூடாது. "பசித்தால் நல்லா உறிஞ்சும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பசித்துக் களைத்த பிள்ளை உறிஞ்சாது, நித்திரையாகிவிடும். முதல் வாரம் கழிந்த பிள்ளைக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 150 மில்லிலீற்றர் பால் தேவை. மூன்று கிலோ என்றால் 450. அது உங்களிடமிருந்து வரும்வரை, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று விற்கிற பால்மாவை, ரின்னில் சொன்ன அளவில் கரைத்துக் கொடுக்க வேண்டும். தேத்தண்ணிக்குப் போடுகிற பால்மா வேண்டாம். பசுப்பாலும் ஒரு வயது வரைக்கும் வேண்டாம். விலை கூடுது என்று தண்ணியைக் கூட்டிக் கரைப்பதும் வேண்டாம்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? எங்களிடம் மெஷின் இல்லை. (தருமபுரம்)

மெஷின் இல்லாமலே தொடங்கலாம். கரண்ட் போனாலும் நிற்காது.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மார்பை இரண்டு நிமிடம் மெதுவாகத் தடவிக் கொடுங்கள். பெருவிரல் மேலே, சுட்டுவிரல் கீழே, முலைக்காம்பிலிருந்து ஒரு மூன்று சென்ரிமீற்றர் பின்னால் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து நெரித்து, விடுங்கள். அழுத்து, நெரி, விடு. விரல் தோலில் வழுக்கக்கூடாது, நோகவும் கூடாது. நோகுதென்றால் விரல் காம்புக்குக் கிட்டப் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் பத்து நிமிடம், பிறகு மற்றப் பக்கம். நாளுக்கு எட்டுத் தடவையாவது செய்ய வேண்டும், அதில் ஒன்று சாமத்தில் இருக்க வேண்டும். புரோலாக்டின் இரவில்தான் கூட ஊறும். பம்ப் இருந்தால் நல்லது, மாறி மாறிப் பாவிக்கலாம்.

ஆனால் பம்பையும் கையையும் விடப் பிள்ளையின் வாய்தான் பெரிய உதவி. பாலில்லாத முலையைப் பிள்ளை இரண்டு இழுவை இழுத்துவிட்டுக் கத்தும். அதற்கு ஒரு வழி உண்டு. குழந்தைகள் வாட்டில் மூக்கால் பால் கொடுக்கப் பாவிக்கிற மெல்லிய ரியூப் ஒன்று, 5ஆம் இலக்கம், வாங்குங்கள். ஒரு நுனி கோப்பையில் உள்ள பாலுக்குள். மற்ற நுனியை உங்கள் முலைக்காம்போடு சேர்த்துச் சின்னப் பிளாஸ்ரர் துண்டால் ஒட்டுங்கள். பிள்ளை முலையையும் ரியூப்பையும் சேர்த்து வாயில் எடுக்கட்டும். உறிஞ்ச உறிஞ்சக் கோப்பைப் பால் ஏறி வரும். பிள்ளைக்கு வயிறு நிறையும், உங்கள் மார்புக்கு உறிஞ்சல் கிடைக்கும். கோப்பையை உயர்த்தினால் கெதியாக ஓடும், பதித்தால் மெதுவாக வரும். பிள்ளைக்கு மூச்சு முட்டினால் பதியுங்கள். முடிந்தவுடன் ரியூப்பைச் சவர்க்காரத் தண்ணியால் சிறிஞ்சு வைத்துக் கழுவி, சுடுதண்ணி விட்டு அலச வேண்டும். உள்ளே பால் காய்ந்த ரியூப்பைத் திரும்பப் பாவிக்காதீர்கள். முதல் தடவை உங்கள் கிளினிக் மிஸியையோ, ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலூட்டல் நிலையத்தில் உள்ளவர்களையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இரண்டு கையால் நாலு வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு நாளாகப் பிழிகிறேன். ஒரு சொட்டும் இல்லை. (மல்லாவி)

பன்னிரண்டு நாள் காணாது. பெரும்பாலும் இரண்டு கிழமையிலிருந்து ஆறு கிழமைக்குள்தான் முதல் துளி வரும். அதற்கு முன்னே மார்பு கனக்கும், சுள்ளென்று குத்தும், மாதவிடாய் முன்பின்னாகும். வெறும் தண்ணி மாதிரி ஒரு துளி, பிறகு வெள்ளையாக நாலு துளி. பின்னேரத்து வெளிச்சத்தில் எவர்சில்வர் கரண்டிக்குள் பிழிந்து பாருங்கள். துணியில் விழுந்தால் தெரியாது, கரண்டியில் தெரியும்.

என் மகள் கிளினிக் வழியில் விபத்தில் போயிட்டா. பேரனுக்கு இரண்டு மாதம். எனக்கு 54, மாதவிடாய் நின்று மூன்று வருடம். என்னைக் கேட்டு ஊர் சிரிக்கும். (புதுக்குடியிருப்பு)

சிரிக்க மாட்டுது அக்கா, சிரித்தால் என்னிடம் அனுப்புங்கள்.

2009இல் செட்டிக்குளம் முகாமில் ஐம்பது தாண்டிய ஒரு அம்மம்மா இருந்தா. மகள் இல்லை, கைக்குழந்தை மட்டும் அவவின் கையில். இரவில் பிள்ளை கத்த, பக்கத்துக் கூடாரத்துச் சனம் நித்திரை கொள்ளட்டும் என்று வெறும் முலையை வாயில் வைத்திருக்கிறா. மூன்று கிழமை கழித்து என்னிடம் வந்து சட்டையில் நனைந்திருந்த இடத்தைக் காட்டி, "மிஸி, எனக்குப் புற்றுநோயோ" என்று அழுதா. நான் தொட்டுப் பார்த்தேன். பால். அதைச் சொன்னதும் அந்த மனிசி நிலத்தில் இருந்துவிட்டா.

உங்களுக்கு முன்பு பால் கொடுத்த மார்பு இருக்கிறது, அது பெரிய அனுகூலம். மாதவிடாய் நின்றது தடையில்லை. பேத்தி பேரன்களுக்குப் பாட்டிமார் பால் கொடுத்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. 1998இல் உலக சுகாதார நிறுவனமே நின்ற பாலைத் திரும்ப வர வைப்பது பற்றி ஒரு முழு அறிக்கை வெளியிட்டது. ஆனால் நீங்கள் பிறசருக்கோ சீனிக்கோ குளிசை எடுத்தால், அது பாலில் போகுமா என்று முதலில் டொக்டரிடம் கேளுங்கள். மார்பில் கட்டி இருக்கிறதா என்றும் ஒருக்காப் பார்க்க வேண்டும், உங்கள் வயதில் அதைத் தவறவிடக்கூடாது.

பேரனுக்கு இரண்டு மாதம் என்பதால் கொஞ்சம் அடம் பிடிப்பான். போத்திலுக்குப் பழகிய பிள்ளையை உச்சப் பசியில் முலைக்குப் போடாதீர்கள். குளிப்பாட்டிய பிறகு, அரை நித்திரையில், வெளிச்சம் குறைந்த அறையில் மேற்சட்டை இல்லாமல் நெஞ்சோடு அணைத்து வையுங்கள். தேடி வருவான். போத்திலை விட்டுக் கோப்பையால் பருக்கிப் பழக்குங்கள்.

கர்ப்பப்பை எடுத்தாச்சு. எனக்கும் வருமா? (நெடுங்கேணி)

வரும். மேலே சொன்ன சுரப்பி தலையில்தான் இருக்கிறது.

பால் வரக் குளிசை இருக்குதாமே? பாமசியில் கேட்டு வாங்கலாமா? (வவுனியா)

இருக்கிறது. ஆனால் பாமசியில் நீங்களாக வாங்க வேண்டாம். சத்திக்குக் கொடுக்கிற டொம்பெரிடோன் புரோலாக்டினைக் கூட்டும், அது அதன் பக்கவிளைவு. கனடாவில் ஜாக் நியூமன் என்ற வைத்தியரும் லெனோர் கோல்ட்ஃபார்ப் என்ற தாயும் சேர்ந்து வகுத்த முறையொன்றில், ஆறு மாதம் முன்கூட்டியே கருத்தடைக் குளிசையும் டொம்பெரிடோனும் கொடுப்பார்கள். பிள்ளை பெற்ற மாதிரி மார்பை ஏமாற்றுகிற வேலை அது. பிள்ளை வர ஆறு கிழமை இருக்கும்போது கருத்தடைக் குளிசையை நிறுத்தி, பிழியத் தொடங்குவார்கள்.

டொம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக் கூடியது. 2014இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் சத்திக்குக்கூட நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல், ஒரு கிழமைக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது. எரித்ரோமைசின் போன்ற சில அன்ரிபயோட்டிக்குகளோடும், பூஞ்சண நோய்க்குக் கொடுக்கிற சில குளிசைகளோடும் சேர்ந்தால் இன்னும் ஆபத்து. எடுப்பதென்றால் ஈசிஜி எடுத்துப் பார்த்து, டொக்டர் சொன்ன அளவில் எடுக்க வேண்டும். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். கருத்தடைக் குளிசையும் எல்லாருக்கும் ஒத்துவராது. கிளினிக்கில் தருகிற மிதுரிக் குளிசைதானே என்று நினைக்காதீர்கள். பிறசர் உள்ளவர்கள், காலில் இரத்தம் கட்டியவர்கள், கண் மின்னி ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் தொடவே கூடாது.

என் அபிப்பிராயம்: பிள்ளை ஏற்கனவே கையில் இருந்தால், ஆறு மாதக் குளிசைக் கணக்குக்குப் போகாதீர்கள். பிள்ளையை முலையில் போடுங்கள்.

சரக்குத்தூள், பால்சுறா, முருங்கையிலை சாப்பிட்டால் வருமா? (முள்ளியவளை)

சாப்பிடுங்கள். பால்சுறாப் புட்டும், உள்ளி நிறையப் போட்ட சரக்குக் கறியும் உடம்புக்குத் தேவையான சாப்பாடுதான். சாத்தாவாரிக் கஞ்சியும் குடிக்கலாம். ஆனால் எட்டுத் தடவை பிழியாமல் சுறா மட்டும் சாப்பிட்டால் பால் வராது. வெந்தயத்தை அளவோடு வையுங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு அது சீனியை இன்னும் இறக்கும்.

கடும்புப் பால் இல்லாமல் வருவது பாலா? சத்திருக்குமா? (ஒரு மாமியார், ஊர் எழுதவில்லை)

பால்தான் அம்மா. பெற்றவளுக்கு முதல் நாட்களில் வருகிற மஞ்சள் கடும்பு இதில் இராது, நேராக முதிர்ந்த பால் வரும். நோய் எதிர்ப்புச் சத்தும் இதில் இருக்கிறது. உங்கள் மருமகளுக்குச் சாமத்தில் எழும்பிப் பிழிய வேண்டியிருக்கு. காலையில் அடுப்படிக்கு நீங்கள் போனால் அதுவே சத்து.

கோட்டால் பிள்ளை எடுக்கப் பதிந்திருக்கிறோம். எப்போது தொடங்கட்டும்? (முழங்காவில்)

தத்தெடுப்பு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் வழியாகப் போய், மாவட்ட நீதிமன்றத்தில் முடிகிற விசயம். திகதி உங்கள் கையில் இல்லை. மாதக்கணக்காக முன்கூட்டிப் பிழிந்து களைத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். பிள்ளை இன்னார் என்று தெரிந்த பிறகு தொடங்குங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை முலைக்குச் சுகமாக வரும். வயது கூடிய பிள்ளை முலையை எடுக்காவிட்டால், பிழிந்ததைக் கோப்பையில் கொடுக்கலாம். பிழிந்த பாலைக் குளிர்ப்பெட்டியில் நாலு நாள் வைக்கலாம். வெளியில் 25 பாகையில் நாலு மணித்தியாலம் என்பார்கள். எங்கள் வைகாசி வெயிலில் நான் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விடமாட்டேன்.

நாங்கள் முஸ்லிம்கள். வளர்க்கிற பிள்ளைக்குப் பால் கொடுத்தால் மார்க்கத்தில் உறவு மாறுமா? (நீராவிப்பிட்டி)

மாறும் தங்கச்சி. இரண்டு வயதுக்குள் பால் குடித்த பிள்ளைக்கு நீங்கள் பால்குடித் தாய். வளர்ந்த பிறகு உங்களுக்கும் பிள்ளைக்கும் இடையில் மஹ்ரம் உறவு, அதாவது கலியாணம் முடிக்கக் கூடாத நெருங்கிய உறவு, இருக்கும், உங்கள் பிள்ளைகளும் அதற்குச் சகோதரங்கள். ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவு ஒன்று) தனித்தனியாக ஐந்து தடவை குடித்திருக்க வேண்டும் என்பது கணக்கு. ரியூப்பில் கலந்து கொடுப்பது எப்படிக் கணக்காகும் என்று மௌலவியிடம் கேளுங்கள். இந்த உறவுக்காகவே பால் வர வைக்க விரும்பிய தாய்மார் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

மனிசி பாடுபடுகிறா. நான் என்ன செய்ய? (அக்கராயன்)

இதைக் கேட்ட ஒரே ஆம்பிளை நீங்கள்தான் தம்பி. ரியூப்பையும் கோப்பையையும் கழுவுவது இன்றிலிருந்து உங்கள் வேலை. சாமத்தில் அவ பிழியும்போது பிள்ளையை உங்கள் நெஞ்சில் போட்டு வைத்திருங்கள். எத்தனை மில்லி என்று மட்டும் கேட்காதீர்கள்.

பிள்ளையும் இல்லை, பிழியவும் இல்லை. தானாகப் பால் கசியுது. (மாங்குளம்)

நீங்கள் டொக்டரிடம் போக வேண்டும். தைரொயிட் குறைவு, சில மனநோய்க் குளிசைகள், பிட்யூட்டரியில் சின்னக் கட்டி, எதனாலும் வரலாம். பெரும்பாலும் மருந்தால் சரிவரும். தலையிடியோ கண்பார்வை மங்கலோ சேர்ந்திருந்தால் நாளைக்கே போங்கள். இரத்தம் கலந்து கசிந்தாலும் அப்படித்தான்.

மிஸி, ஐந்து கிழமையாகுது. ரியூப் வைத்துத்தான் கொடுக்கிறேன். நேற்று முழுக்கப் பிழிந்ததைச் சேர்த்தால் 40 மில்லி. இது காணாதுதானே? விட்டுவிடவா? (முதல் கேட்ட தங்கச்சி)

பிள்ளை, ஐந்து கிழமைக்கு முன்னே உங்களிடம் ஒரு துளியும் இல்லை. அதோடு, பிழிந்து வருவதை விடப் பிள்ளை உறிஞ்சி எடுப்பது கூடவாக இருக்கும், கோப்பையில் அது தெரியாது. நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போகிறாளா என்று பாருங்கள். நிறை கிழமைக்கு 150 கிராமாவது ஏறினால், கோப்பைப் பாலை நாளுக்கு ஒரு 50 மில்லி குறைத்து, நாலைந்து நாள் பொறுத்துத் திரும்ப நிறுக்கலாம். ஏறாவிட்டால் குறைக்கக்கூடாது. மிச்சத்துக்குப் பால்மா எப்போதும் தேவைப்பட்டாலும் தேவைப்படட்டும், முலையில் கிடந்து குடிக்கிறாள்தானே. விடவேண்டும் என்று உடம்பு சொன்னால் விடலாம், அதிலும் குற்றமில்லை. ஆனால் அதை இந்தக் கிழமை முடிவெடுக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கிளினிக். வளர்ச்சிப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு எட்டரைக்கு வாங்கோ. நானும் வருகிறேன், நிறுத்துப் பார்ப்போம்.