1999-இல் கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் பயணித்த லியர்ஜெட் 35 என்ற சிறிய ஜெட் விமானம் விழுந்தது ஏன்? வெடிகுண்டா, எரிபொருள் தீர்ந்ததா?

எரிபொருள் தீர்ந்ததால்தான் விழுந்தது. ஆனால் அது கடைசிக் கட்டம் மட்டுமே. கேபினில் காற்றழுத்தம் போனதால், உள்ளே இருந்த ஆறு பேரும் அதற்குப் பல மணி நேரம் முன்பே நினைவிழந்திருக்க வேண்டும்.

1999 அக்டோபர் 25 காலை ஆர்லாண்டோவிலிருந்து டல்லாஸுக்குக் கிளம்பிய விமானம் அது. 23,000 அடியைக் கடக்கையில் விமானி 39,000 அடிக்கான அனுமதியைத் தெளிவாகத் திருப்பிச் சொன்னார். ஆறு நிமிடம் கழித்து வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அழைத்தபோது பதிலே இல்லை. ஆட்டோபைலட் அதே திசையில் ஓட்டிக்கொண்டே போக, விமானம் தெற்கு டகோட்டாவில் விழுந்தது.

வெடிகுண்டு வாதம் நிற்காது. அருகில் பறந்து பார்த்த எஃப்-16 போர் விமானங்களின் விமானிகளுக்கு வெளிச் சேதம் எதுவும் தெரியவில்லை. என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன, கண்ணாடிகளில் பனி படிந்திருந்தது. என்ஜினிலிருந்து வரும் சூடான காற்றுதான் கேபினுக்கு அழுத்தம் தருகிறது. அதைக் கட்டுப்படுத்தும் வால்வு சிதைவுகளில் மூடிய நிலையில் கிடைத்தது. விமானி அறைக் குரல் பதிவின் கடைசி 30 நிமிடத்தில் கேபின் அழுத்த எச்சரிக்கை ஒலித்துக்கொண்டே இருந்தது.

30,000 அடியில் ஆக்ஸிஜன் இல்லாமல் தெளிவாகச் செயல்பட ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். அழுத்தம் சட்டென்று போனால் அதுவும் பாதியாகிவிடும். மாஸ்க்கைப் போடாமல் கோளாறைத் தேட ஆரம்பித்தால் போச்சு. வால்வு ஏன் மூடியது, விமானிகளுக்கு ஆக்ஸிஜன் ஏன் கிடைக்கவில்லை என்பதை அமெரிக்க விசாரணை வாரியமே உறுதிசெய்யவில்லை. விமானத் தரவுப் பதிவுக் கருவி அந்த விமானத்தில் இல்லை.