வாஷ் கேர் லேபிளில் ஒரு பாடவேளை

கேள்வி: அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சிந்திக்கும் திறன், குழுவாக வேலை செய்வது, டிஜிட்டல் திறன் எல்லாம் வளர்க்கச் சொல்கிறார்கள். என் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சேர்த்து எழுதவே தடுமாற்றம். போர்ஷனை முடிப்பேனா, இதைச் செய்வேனா?
- ஓர் ஆசிரியை, அவிநாசி

பதில்: தனிப் பாடமாக நினைத்தால் நேரம் கிடைக்காதுதான் டீச்சர். இலக்கணத்துக்குள்ளேயே நுழைத்துவிடுங்கள்.

உங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனிக்குப் போகிறவர் இருப்பார். ஆளுக்கொரு வாஷ் கேர் லேபிள் கொண்டுவரச் சொல்லுங்கள்; எப்படித் துவைக்க வேண்டும் என்று சட்டையின் உள்பக்கம் தைத்திருக்குமே, அந்தச் சின்னத் துண்டு. 'டு நாட் பிளீச்', 'வாஷ் வித் லைக் கலர்ஸ்', 'டம்பிள் ட்ரை லோ'. எல்லாமே கட்டளை வாக்கியங்கள். அந்தப் பாடம் அங்கேயே முடிந்தது. அப்புறம் இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் கையில் லேபிள். மற்றவர் அதைப் பார்க்காமல், ஆங்கிலத்தில் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். 'கேன் ஐ அயர்ன் இட்?' என்ற அளவு போதும்.

பிறகு 'ஏன்' என்று கேளுங்கள். ஒரே மாதிரி நிறங்களோடு மட்டும் ஏன் துவைக்க வேண்டும்? அப்பா டையிங்கில், அதாவது சாயப் பட்டறையில், வேலை செய்தால் பையனுக்குப் பதில் தெரிந்திருக்கும், ஆங்கிலத்தில் சொல்லத்தான் வராது. தமிழில் யோசிக்கட்டும், தமிழிலேயே பக்கத்தில் இருப்பவனோடு வாதாடட்டும். போர்டில் எழுதும் ஒரு வரி மட்டும் ஆங்கிலமாக இருந்தால் போதும். 'தமிழ் பேசினால் ஃபைன்' என்கிற வகுப்புகளில் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் வாயை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் கிடைக்கிற நாளில் 'டம்பிள் ட்ரை லோ'வை மொழிபெயர்ப்புச் செயலியில் போடுங்கள். வருகிற தமிழ் பாட்டிக்குப் புரியுமா? நாமெல்லாம் கொடியில் காயப்போடுகிறவர்கள். துணியைச் சுழற்றிச் சுழற்றிக் காயவைக்கும் இயந்திரம் ஒன்று உண்டு, 'லோ' என்றால் சூடு குறைவு என்று பிள்ளைகளே கண்டுபிடித்துத் திருத்தட்டும். மெஷின் சொன்னதை உடனே நம்பாமல் இருப்பதுதான் என் கணக்கில் டிஜிட்டல் திறன். பவர்பாயின்ட் எல்லாம் அவர்களே கற்றுக்கொள்வார்கள்.

இது புது மோஸ்தரும் இல்லை. 1979 முதல் 1984 வரை, ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு 'பெங்களூர் புராஜெக்ட்' என்று தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்தியதும் இந்த வழிதான். கால அட்டவணை, வரைபடம் என்று கையில் கொடுத்து விடை தேட வைத்தார். இலக்கணத்தை அவர் தனியாக நடத்தவே இல்லை. உங்களுக்குப் பரீட்சை இருக்கிறது, அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

வாரம் ஒரு பாடவேளை போதும். சத்தம் நிச்சயம் வரும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.