விண்ட்சர் சோபாவில் இருவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

ஜெர்மன் புகைப்படக் கலைஞர் தாமஸ் ஸ்ட்ரூத் பற்றி நீங்கள் ஒரு கட்டுரையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, 2011-ல் அவர் எடுத்த எலிசபெத் அரசி – பிலிப் படத்தைத் தேடிப் பார்த்தேன். ஏமாற்றம்தான். யாரோ வரக் காத்திருப்பவர்கள் போல இரண்டு முதியவர்கள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிரீடம் இல்லை, சிரிப்பு இல்லை, ஒட்டிக்கூட உட்காரவில்லை. 2020-ல் திருமண நாளுக்கு ஒரு படம் வந்ததே, கொள்ளுப்பேரப் பிள்ளைகள் செய்த வாழ்த்து அட்டையை இருவரும் பார்ப்பார்கள், அதில் எவ்வளவு உயிர்! பத்திரிகைப் புகைப்படக்காரருக்குக் கைவந்தது பெரிய கலைஞருக்கு ஏன் வரவில்லை?

க.

அன்புள்ள க.,

அந்த அட்டைப் படம் கிறிஸ் ஜாக்சன் எடுத்தது. நல்ல படம்தான். 73-வது திருமண நாள், கொரோனாக் காலம். என்ன உணர வேண்டும் என்பதை அந்த அட்டையே நமக்குச் சொல்லிவிடுகிறது. அரசி அன்று குத்தியிருந்த செவ்வந்திப்பூ ப்ரூச் 1947 தேனிலவுப் படத்தில் இருப்பதேதான். அந்தத் தேனிலவுப் படத்தையே 2007-ல், 60-வது ஆண்டுக்கு, பிராட்லாண்ட்ஸ் மாளிகைக்குத் திரும்பப் போய் அதே போஸில் எடுத்தார்கள். அன்பை எப்படிக் காட்டுவது என்று அரண்மனைக்கு நன்றாகத் தெரியும். அந்த அன்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதை நமக்கு ஊட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஸ்ட்ரூத் ஊட்டுகிற ஆள் இல்லை. டுசெல்டார்ஃப் கலைக்கல்லூரியில் பெர்ன்ட் – ஹில்லா பெஹர் என்ற புகைப்படக் கலைஞர் தம்பதியிடம் படித்தவர். 1980-களின் தொடக்கத்தில் இங்கோ ஹார்ட்மன் என்ற உளப்பகுப்பாய்வாளரோடு வேலை செய்தார். சிகிச்சைக்கு வருபவர்கள் கொண்டுவந்த வீட்டுப் படங்களை ஒரே அளவில் கறுப்பு வெள்ளையில் மறுபடி எடுத்து, யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார், யார் விலகி நிற்கிறார் என்று பார்த்திருக்கிறார்கள். அவருடைய குடும்பப் படங்களெல்லாம் அங்கே முளைத்தவைதான். முக்காலியில் பெரிய கேமரா. எங்கே உட்காருவது என்பது குடும்பத்தின் விருப்பம். எல்லோரும் லென்ஸைப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது. இத்தனை நேரம் புன்னகையைப் பிடித்து வைத்திருக்க யாராலும் முடியாது. அது வடிந்த பிறகு மிஞ்சுவதுதான் அவருக்கு வேண்டும்.

கிரீடம் கேட்டீர்கள். 1860-ல் மேயல் என்ற புகைப்படக்காரர் எடுத்த விக்டோரியா அரசி – அவர் கணவர் ஆல்பர்ட் படங்கள் சின்ன அட்டைகளாகக் கடைகளில் விற்றன. அவற்றிலும் கிரீடம் கிடையாது, வசதியான நடுத்தர வர்க்கத் தம்பதி போலத்தான் இருப்பார்கள். (அதே விக்டோரியா 1852-ல், கண் மூடியபடி விழுந்துவிட்ட ஒரு படத்தில் தன் முகத்தைத் தானே சுரண்டி அழித்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த விமர்சனம் அது.) கிரீடம் உள்ள படம் வேண்டுமென்றால் 1953-ல் எலிசபெத்தை முடிசூட்டுக் கோலத்தில் செசில் பீட்டன் எடுத்தது இருக்கிறது. பின்னால் தெரியும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம் திரையில் வரைந்தது. எடுத்த இடம் பக்கிங்ஹாம் அரண்மனை.

அதே 1953 ஜூன் 2 அன்று, முடிசூட்டு விழாவில், பிலிப் மனைவியின் முன் மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம் செய்தார். அதன் பிறகு பொது இடங்களில் அவருக்குச் சற்றுப் பின்னால்தான் நடந்தார். ஒருவர் அரசி, மற்றவர் அவருடைய குடிமகன், இருவரும் 63 வருடத் தம்பதி. இதை ஒரே படத்தில் எப்படிக் காட்டுவது? கையைப் பிடிக்கச் சொன்னால் பதவி போய்விடும். ஒருவரை நிற்க வைத்தால் கல்யாணம் போய்விடும். ஸ்ட்ரூத் இருவரையும் ஒரே சோபாவில், ஒரே உயரத்தில் உட்கார வைத்து, சிரிக்கச் சொல்லாமல் விட்டார். உங்களை உறுத்தும் அந்த இடைவெளியில்தான் எனக்கு இந்தப் படம் இருக்கிறது. அது மனஸ்தாபம் என்று எனக்குத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்கப் பிறர் பார்க்க உட்கார்ந்தே பழகியவர்கள், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்காமலே அவர் அங்கே இருப்பதை அறிந்திருக்கிறார்கள்.

போனில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் இரண்டு முகமும் சுண்டுவிரல் நகத்தளவு வருமா? அசல் அச்சு ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம். லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம், அரசியின் 60 ஆண்டு ஆட்சியை ஒட்டிய கண்காட்சிக்காக எடுக்கச் சொன்னது. அந்த அளவில் முகத்துச் சுருக்கத்துக்கும் சோபாவின் பச்சைப் பட்டுக்கும் ஒரே கூர்மை.

ஆனாலும் இது ஸ்ட்ரூத்தின் ஆகச் சிறந்த படம் என்று சொல்லமாட்டேன். இங்கே அவர் தன் வழக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். முன்கூட்டியே போய் அறைகளைப் பார்த்து, விண்ட்சர் கோட்டையின் பச்சை வரவேற்பறையைத் தேர்ந்து, அரசியின் வெளிர்நீல உடை வரை யோசித்து வைத்திருந்தார். தங்க முலாம் பூசிய அந்த அறை, அதில் இருப்பவர்களைச் சில இடங்களில் மீறிவிடுகிறது. 1989-ல் ஸ்காட்லாந்தின் ஃபைஃபில் எடுத்த ஸ்மித் குடும்பத்தையும், 1987-ல் ஹிரோஷிமாவில் எடுத்த ஹிரோசே குடும்பத்தையும் பாருங்கள். அவர்களுக்கு யாரும் அறை தேர்ந்து கொடுக்கவில்லை. எனக்கு அந்த இரண்டும் இதைவிட ஒரு படி மேல்.