வாத்தியார் வேலையை விட்டு நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மொரிஷியஸ் அரசு ஆரம்பப் பள்ளிகளில் 14 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். இப்போது ஒன்பது வருடமாக, கம்பெனிகள் நிறைந்த எபேன் பகுதியில் ஒரு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. பள்ளியை விட்டு வேறு வேலை தேடும் ஆசிரியர்கள் சிலர் நேர்காணல் பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

*அக்கா, 30 பிள்ளைகள் முன்னால் நடுங்காத கை, மூன்று பேர் முன்னால் நடுங்குகிறதே, ஏன்? (ரோஸ் ஹில் ஆசிரியை)*

வகுப்பில் கேள்வி கேட்பது நீங்கள், அங்கே அவர்கள். பழக்கமில்லாத பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும் தங்கச்சி.

என் முதல் நேர்காணலைச் சொல்கிறேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன். விரலில் இல்லாத சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! அது போதாது என்று, ஒரு பதிலை நீளமாக விளக்கிவிட்டு, மூன்று பேரையும் பார்த்து "கொம்ப்ரி?" (புரிந்ததா?) என்று கேட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்பது போலவே. நடுவில் இருந்த அம்மா சிரித்துவிட்டார். வேலை கிடைக்கவில்லை.

அப்புறம் என் கொழுந்தனைப் பிடித்தேன். அவர் வங்கியில் இருப்பவர். அவர் மீன் கழுவ, நான் பக்கத்தில் நின்று பள்ளியில் நடந்த ஐந்து சம்பவங்களை ஒவ்வொன்றாக, ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். பாடத்திட்டம், மதிப்பீடு என்று ஆரம்பித்தாலே "அண்ணி, வாத்தியம்மா பேச்சு" என்று நிறுத்திவிடுவார். மூன்று வாரம் வீடே மீன் வாடை. ஆனால் அடுத்த நேர்காணலில் விரல் சும்மா இருந்தது. பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குப் போகாதவர்கள் நாம். நேர்காணலுக்கு மட்டும் தைரியத்தை நம்பி வெறுங்கையோடு போகிறோம். குறிப்பு எழுதுங்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது.

*நான் கற்பித்தது தமிழ். கம்பெனிக்காரர்கள் இதை மதிப்பார்களா? (கத்ர் போர்ன், 11 வருட அனுபவம்)*

இந்தக் கேள்விக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். நம் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறது, ஆனால் தமிழ் வாத்தியார் மட்டும் நேர்காணலில் தன் பாடத்தின் பெயரை முணுமுணுக்கிறார்.

நம் பள்ளியில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். தமிழ் விருப்பப் பாடம். பிள்ளை இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி என்று வேறு வகுப்புக்குப் போகலாம். 2012 முதல், பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் ஊர்ப் பேச்சு மொழி க்ரியோலும் சேர்ந்துகொண்டது. பிள்ளை வீட்டில் பேசுவது பெரும்பாலும் க்ரியோல்தான். அந்தப் பிள்ளையை "அம்மா" என்று எழுத வைத்து, வருடக் கடைசிவரை வகுப்பில் தக்கவைத்து, தம்பி தங்கையையும் சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் பேசியது யார்? கம்பெனி பாஷையில் இதற்குப் பெயர் வாடிக்கையாளரைத் தக்கவைப்பது.

எங்கள் மேசைக்கு வந்த ஒரு தமிழாசிரியர் "நான் தமிழ் மட்டும்தான் கற்பித்தேன்" என்று ஆரம்பித்தார். "மட்டும்தான்" என்றதுமே என் பக்கத்தில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் விடாமல், "முதல் வருடம் எத்தனை பிள்ளைகள், கடைசி வருடம் எத்தனை?" என்று கேட்டேன். ஒன்பது, இருபத்து மூன்று. எப்படி என்று கேட்டால், மாதம் ஒரு முறை பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் பிள்ளையின் குரலிலேயே ஒரு பாட்டு அனுப்பியிருக்கிறார். பேனா மறுபடி மேலே வந்தது. அந்த எண்களை அவரே முதலில் சொல்லியிருக்கலாம் இல்லையா?

உங்கள் 11 வருடத்திலும் இப்படி இரண்டு எண்கள் இருக்கும். பழைய வருகைப் பதிவேட்டைத் தேடுங்கள்.

*எந்த மொழியில் பேசுவது? என் பிரெஞ்சு சுமார்தான்.*

ஆங்கிலத்தில் ஆரம்பித்து நடுவில் சட்டென்று பிரெஞ்சுக்குத் தாவுவார்கள். சில இடங்களில் வேண்டுமென்றே செய்வார்கள். ஐந்து சம்பவங்களையும் இரண்டு மொழியிலும் சொல்லிப் பழகுங்கள். வார்த்தை வரவில்லையா, ஒரு மூச்சு விட்டு எளிய வார்த்தையில் சொல்லுங்கள். க்ரியோலை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம், அவர்கள் பேசினால் தாராளமாகப் பேசுங்கள்.

பிரான்ஸ் வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் கால் சென்டர் என்றால் நேரத்தைப் பற்றிக் கேட்பார்கள். பாரிஸில் காலை 9 மணி என்றால் நமக்கு அவர்கள் கோடையில் 11, குளிர்காலத்தில் 12. இரண்டரை, மூன்று மணிக்குப் பள்ளி விட்டு வீட்டுக்கு வந்து பழகியவர்கள், குடும்பத்தோடு முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.

*ஏன் பள்ளியை விடுகிறீர்கள் என்று கேட்டால்?*

தலைமை ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். உங்கள் குறை நூற்றுக்கு நூறு நியாயமாகவே இருக்கலாம், ஆனாலும் கேட்பவர் "நாளைக்கு நம்மையும் இப்படித்தான் சொல்வார்" என்றே நினைப்பார். எனக்குப் பலித்த பதில் இது: "பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைவிட, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களைப் பழக்கியது எனக்கு அதிகம் பிடித்தது. அதை முழுநேரமாகச் செய்ய வந்திருக்கிறேன்." எனக்கு அது உண்மை. உங்களுக்கு எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். இரவல் பதில் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

*எனக்கு 44 வயது. எடுப்பார்களா?*

ஓய்வு வயது 65. கணக்கு உங்களுக்கே தெரியும். வயதைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள்.

*ராஜினாமா கொடுத்துவிட்டுத் தேடினால் மனசு ஒருமுகப்படும் என்கிறார் என் கணவர்.*

வேண்டாம் அம்மா. கையில் சம்பளம் இருக்கும்போது நாற்காலியில் உட்காரும் விதமே வேறு. அரசுப் பணியில் 2013 ஜனவரிக்கு முன் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் வேறு, பின்னால் சேர்ந்தவர்களுக்கு வேறு. இடையில் விலகினால் என்ன கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

*வியாழக்கிழமை எபேனில் நேர்காணல். இன்னும் இரண்டே நாள். என்ன செய்ய?*

ஐந்து சம்பவத்துக்கு நேரமில்லை, இரண்டு போதும். இன்று ராத்திரி போனில் பதிவு செய்து கேளுங்கள், குரல் பிடிக்காது, பரவாயில்லை. நாளைக்குப் பள்ளி விட்டதும் ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி எபேனில் இறங்கி, அந்தக் கட்டடத்தின் வாசல்வரை ஒரு தடவை நடந்துவிட்டு வாருங்கள். புடவையா பேண்ட்டா என்றும் கேட்டிருந்தீர்கள். எதைப் போட்டால் உட்கார்ந்த பிறகு இழுத்து விடத் தோன்றாதோ, அது.