பயிற்சி முடிந்தது, வேலை எங்கே?

கேள்வி: படித்த இளைஞர்களுக்கு வேலையில்லை என்ற குரல் எழும்போதெல்லாம் வளரும் நாடுகளின் அரசுகள் திறன் பயிற்சி மையங்களைத் திறக்கின்றன. பயிற்சி பெற்றால் வேலை கிடைத்துவிடுமா? வேறு வழிகள் இல்லையா?

பதில்: பத்து வேலைக்கு நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில், அவர்களில் இருபது பேருக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்தால் அந்த இருபது பேர் வரிசையில் முன்னே நகர்வார்களே தவிர, வேலை பதினொன்றாகிவிடாது. பழகிய ஆள் கிடைக்காமல் பட்டறைகள் திண்டாடும் இடத்தில்தான் பயிற்சி பலன் தரும். அங்கும் அதை வகுப்பறையோடு நிறுத்திவிடக் கூடாது. கொலம்பியா 2002 முதல் 2005 வரை நடத்திய திட்டமொன்றில், இளைஞர்கள் மூன்று மாதம் வகுப்பிலும் அடுத்த மூன்று மாதம் நிறுவனங்களிலும் பழகினார்கள். அதில் சேர்ந்த பெண்களின் வருமானம் சுமார் 20 சதவீதம் உயர்ந்தது.

இரண்டாவது வழி, இளைஞரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்குச் சம்பள மானியம் தருவது. ஜோர்டானில் கல்லூரி முடித்த இளம்பெண்களுக்கு ஆறு மாதச் சம்பளத்துக்கான கூப்பன் கொடுத்துப் பார்த்தார்கள். கூப்பன் செல்லுபடியான வரை வேலைக்குப் போனவர்களின் எண்ணிக்கை நன்றாகவே கூடியது. காலாவதியானதும் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. எப்படியும் எடுத்திருக்கக்கூடிய ஆளுக்கே மானியம் போய்ச் சேரும் ஆபத்தும் இதில் உண்டு.

சுயதொழிலுக்கு மூலதனம் தருவது மூன்றாவது வழி. வடக்கு உகாண்டாவில் இளைஞர் குழுக்களுக்கு, ஆளுக்கு ஏறத்தாழ 400 டாலர் வீதம், தொழில் பழகவும் கருவிகள் வாங்கவும் அரசு மானியம் அளித்தது. நான்கு ஆண்டுகளில் அவர்களின் வருமானம் மானியம் பெறாதவர்களைவிட 38 சதவீதம் அதிகமாக இருந்தது. ஒன்பதாம் ஆண்டில் மற்றவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். இதைத் தோல்வி என்று நான் எழுதமாட்டேன். இருபத்திரண்டு வயதில் பிழைப்புக்கு வழி சில ஆண்டுகள் முன்னதாகவே கிடைப்பது சிறிய விஷயமல்ல.

எல்லாருக்கும் அரசு வேலை என்ற வாக்குறுதியைத்தான் நான் தவிர்க்கச் சொல்வேன். எகிப்து 1960களில் பட்டதாரிகளுக்கு அப்படி உறுதியளித்தது. பின்னாளில் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது, நியமன உத்தரவை எதிர்பார்த்துப் படித்தவர்கள் காலத்தைக் கழித்தார்கள். அப்படி அரசு வேலைகளுக்கு ஆகும் பணத்தைத் தடையில்லா மின்சாரத்துக்கும் சாலைக்கும், ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை பதினைந்து பேருக்கு வளரத் தேவையான கடனுக்கும் செலவிட்டால் மேலே சொன்ன பத்து வேலை இருபதாகலாம். பலன் தாமதமாகத்தான் வரும்; அதனால்தான் தேர்தலை எதிர்நோக்கும் அமைச்சர்களுக்குப் பயிற்சி மையத் திறப்பு விழாக்கள் பிடிக்கின்றன.

கேள்வி: சில ஏழை நாடுகளில் வேலையின்மை விகிதம் மிகக் குறைவாகக் காட்டப்படுகிறதே, எப்படி?

பதில்: சர்வதேச அளவுகோலின்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஊதியத்துக்கு உழைத்தவரும் வேலையில் இருப்பவரே. தேடிச் சலித்து, தேடுவதையே விட்டவர் வேலையற்றோர் கணக்கில் வரமாட்டார். ஆகவே படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாத 15 முதல் 24 வயதினரின் விகிதத்தை அறிக்கையில் தேடிப் பாருங்கள். வீட்டோடு நின்றுவிட்ட இளம்பெண்கள் அங்கேதான் தென்படுவார்கள்.